பல் டாக்டரிடம் பெண்ணைப் பற்றி விசாரிக்கலாமா?

குடியாத்தம் வாசகர் ஒருவரின் கேள்வி, 11.5.2024

மகனுக்குப் பெண் பார்த்திருக்கிறோம். பெண் வீடு வேலூர். குடும்பம், படிப்பு எல்லாம் பிடித்திருக்கிறது. போட்டோவில் சிரிக்கும்போது ஈறு கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது என்று என் வீட்டுக்காரி சொன்னாள். அந்தப் பெண் ஒரு பல் கிளினிக்குக்கு அடிக்கடி போய் வருவதாக உறவுக்காரர் ஒருவர் சொன்னார். அந்த டாக்டரை எனக்கு நன்றாகவே பழக்கம். நேரில் போய்க் கேட்டேன். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிறவர் தன் வாயைத் திறக்கவே இல்லை. ‘அதெல்லாம் சொல்லக் கூடாது சார்’ என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஹார்ட்டா, கிட்னியா, பல்லுதானே? நாலு பேர் பார்க்கச் சிரிக்கிற பல்லில் அப்படி என்ன ரகசியம்? டாக்டர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

11.5.2024, இரவு

அந்தப் பல் டாக்டர் செய்தது சரி. நானாக இருந்தால் டீயும் வாங்கிக் கொடுத்திருக்க மாட்டேன். உட்கார வைத்தால் அடுத்த கேள்வி வரும்.

நானும் வேலூரில்தான் பல் கிளினிக் வைத்திருக்கிறேன், ஆரணி ரோட்டுப் பக்கம். கல்யாண விசாரிப்பு எங்களுக்குப் புதிதில்லை. தை பிறந்தால் மளிகைக் கடை, பக்கத்து வீடு, பெண் வேலை பார்க்கிற ஆபீஸ், அப்புறம் டாக்டர் என்று வரிசையாக ஆள் வரும். மற்ற டாக்டர்களிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் என்னிடம் தாராளமாகக் கேட்பார்கள். ‘பல்லுதானே டாக்டரம்மா’ என்பார்கள்.

வாயைத் திறந்தால் பல் மட்டுமா தெரியும்? சாப்பிட்டதை ரகசியமாக வாந்தி எடுக்கிற பழக்கம் உள்ளவருக்கு மேல் முன்பற்களின் உள்பக்கம் எனாமல் கரைந்திருக்கும். ஹான்ஸ் புகையிலை வைக்கிறவருக்கு அதை ஒதுக்குகிற இடத்தில் சதை வெளுத்துச் சுருங்கியிருக்கும். கட்டுப்படாத சர்க்கரை ஈறில் தெரியும். வலிப்புக்கு எப்டாயின் வகை மாத்திரை வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஈறு வளர்ந்து பல்லையே மூட வரும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு நாக்கில் வெள்ளைப் படலம். இவை பார்த்தே தெரிவது. கேட்டுத் தெரிந்துகொள்வது தனி: என்னென்ன மாத்திரை, ஏதாவது ஆபரேஷன், கர்ப்பமா, பாக்கு, புகையிலை, குடி. இதைக் கேட்காமல் ஊசி போட முடியாது. மருந்து எழுத முடியாது. நாளைக்கு நான் வெளியில் சொல்லிவிடுவேன் என்ற பயம் வந்தால் மறைப்பார்கள். மறைத்தால் என் நாற்காலியில்தான் மயங்கி விழுவார்கள்.

11.5.2024, தூக்கம் வராமல்

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. கேட்டவர் ‘ஈறு தூக்கல்’ என்று எழுதியிருக்கிறார், நான் பதிலில் வலிப்பு மாத்திரை என்று எழுதியிருக்கிறேன். இப்போதே யாரோ ஒருவர் ஒன்றையும் ஒன்றையும் கூட்டியிருப்பார்.

கூட்டாதீர்கள். சிரிக்கும்போது ஈறு தெரிவது பெரும்பாலும் மேலுதட்டின் நீளமும் தாடை அமைப்பும் செய்கிற வேலை, அதில் நோய் எதுவும் இல்லை. ஈறு வீக்கத்துக்கு முதல் காரணம் சரியாகத் துலக்காமல் படிகிற காரை. பிரஷர் மாத்திரைகளில் சிலதுக்கும் ஈறு வளரும், கிட்னி மாற்றியவர்கள் சாப்பிடுகிற ஒரு மருந்துக்கும் வளரும், பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கும்போதும் வீங்கும். கல்யாண வயதுப் பெண் பல் கிளினிக்குக்கு அடிக்கடி போகிறாள் என்றால் கம்பிதான் கட்டியிருப்பாள், வேறென்ன. நானும் ஊகிக்க ஆரம்பித்துவிட்டேன் பாருங்கள். நிறுத்துகிறேன்.

12.5.2024

சட்டம் என்ன சொல்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

1948 பல் மருத்துவர் சட்டத்தின் கீழ் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் வந்தது. அது போட்ட நன்னடத்தை விதிகளின் திருத்திய வடிவம் 2014-இல் வந்தது. சிகிச்சையில் தெரிந்துகொண்ட ரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது என்று அதில் இருக்கிறது. கோர்ட்டில் நீதிபதி உத்தரவிட்டால் சொல்ல வேண்டும், இன்னாருக்கு என்று குறிப்பிடக்கூடிய பெரிய ஆபத்து இருந்தால் சொல்லலாம், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொற்றுநோய் என்றால் தெரிவிக்க வேண்டும். ‘சம்பந்தி ஆகப் போகிறவர் கேட்டால்’ என்று ஒரு வரி அதில் இல்லை.

கேஸ் ஷீட்டை சிகிச்சை தொடங்கியதிலிருந்து குறைந்தது 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். பேஷண்டோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதாவது அந்தப் பெண் தானே கேட்டு வாங்கித் தானே உங்களிடம் காட்டலாம். கேட்க வேண்டிய ஆள் அவள்தான். கேட்டுப் பாருங்களேன், உங்கள் மகனை விட்டு. பதிலுக்கு அவன் கேஸ் ஷீட்டையும் கேட்பாள், அதுவும் நியாயம்தான்.

இன்னொன்று. வலிப்பு பற்றி எழுதிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு இருந்தால் திருமணத்துக்கே தகுதி இல்லை என்பது போல ஒரு சொல் முன்பு இருந்தது. 1999-இல் எடுத்துவிட்டார்கள். தொழுநோய் விவாகரத்துக்குக் காரணம் என்று இருந்ததை 2019-இல் எடுத்தார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது, தரகர் நோட்டிலிருந்து இன்னும் போகவில்லை.

12.5.2024, மாலை

‘டாக்டரம்மா, உங்கள் கிளினிக் எது? என் பெண்ணைக் கூட்டி வருகிறேன், நம்பிக்கையாக இருக்கிறது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லது. ஆனால் விளம்பரமாகிவிடும், அதற்கும் விதி இருக்கிறது. விடுங்கள்.

14.5.2024

சட்டத்தை விட எனக்குப் பெரிய தொல்லை கூட வருகிற ஆள்.

புதிதாகக் கல்யாணமான பெண், கடைவாய்ப் பல் வலி, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கூட மாமியார். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் கேட்டே ஆக வேண்டிய கேள்வி, ‘கடைசியாக எப்போது குளித்தாய்?’, அதாவது மாதவிலக்கு எப்போது என்று. பெண் வாயைத் திறப்பதற்குள் மாமியார், ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லை டாக்டரம்மா, நீங்க எடுங்க’ என்றார். பெண் என்னைப் பார்த்த பார்வையில் ஒண்ணு இருக்கிறது என்று புரிந்தது.

அன்றைக்கு எனக்குக் கை கொடுத்தது ரேடியேஷன். ‘இந்த ரூமில் பேஷண்டைத் தவிர யாரும் நிற்கக் கூடாது’ என்றேன். உண்மையும் அதுதான், பொய் சொல்லவில்லை. கதவைச் சாத்தியதும் அவள் சொன்னாள், நாள் தள்ளிப்போயிருக்கிறது, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட. ஈய ஏப்ரன் போட்டு எடுக்கிற சின்னப் பல் எக்ஸ்ரேயில் கர்ப்பத்துக்கு ஆபத்து மிக மிகக் குறைவு, அவசரம் என்றால் எடுக்கலாம். அதைச் சொன்னேன். வேண்டாம் என்றாள். சரி என்று பல்லைத் திறந்து மருந்து வைத்து, பாரசிட்டமால் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

வெளியே மாமியார்: ‘ஏன் எக்ஸ்ரே எடுக்கலை?’

‘இன்னைக்குத் தேவைப்படலைம்மா.’

இது பொய்யா? ரொம்ப நேரம் யோசித்திருக்கிறேன். தேவைப்படவில்லை என்பதை முடிவு செய்தது அந்தப் பெண், அதனால் பொய்யில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். முழுச் சமாதானம் இல்லை.

அதிலிருந்து எல்லோருக்கும் ஒரே விதி. முதல் தடவை வருகிறவர் யாராக இருந்தாலும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசுவேன், கூட வந்தவர் அப்போது வெளியே பெயர், முகவரி எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பார். மாமியாரோடு வந்தவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டால் அதுவே ஒரு செய்தி ஆகிவிடும்.

15.5.2024

‘காசு கொடுக்கிறவனுக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?’ என்று கொதித்திருக்கிறார் ஒருவர். அப்பா போலிருக்கிறது.

காசு கொடுப்பவருக்குப் பில் காட்டலாம். காட்பாடிப் பக்கம் காலேஜ் அதிகம், அப்பா ஜிபே பண்ண, பையன் தனியாக வந்து பார்த்துக்கொண்டு போவான். பையனுக்குப் பத்தொன்பது வயது. கீழுதட்டுக்குள் ஹான்ஸ் வைத்த தடம், வாய் இரண்டு விரல் அகலம்தான் திறக்கிறது. குட்காவையும் புகையிலைப் பாக்கையும் தமிழ்நாடு 2013-இல் தடை செய்தது. ஹாஸ்டல் வாசலில் தடை தெரியவில்லை. அப்பா போன் பண்ணி, ‘என் பையன் ஏதாவது போடுறானா? உண்மையைச் சொல்லுங்க’ என்கிறார்.

பதினெட்டு முடிந்த பையன். நான் சொல்லக் கூடாது. கேஸ் ஷீட் ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு ஒன்று இல்லை, ஆளுக்கு ஒன்று. ஆனால் அந்த வாய் நாளைக்குப் புற்றுநோய் வரை போகக்கூடிய வாய். அப்பா அதட்டினால் விடுவானோ என்றும் தோன்றும். நான் பையனிடம் கண்ணாடியைக் கொடுத்து அவன் வாயை அவனுக்கே காட்டினேன். ‘அப்பா கேட்கிறார். நீ சொல்கிறாயா, நீ இருக்கும்போதே நான் சொல்லட்டுமா, இல்லை யாருமே சொல்ல வேண்டாமா?’ மூன்றாவதைத்தான் எடுத்தான். அப்பாவிடம், ‘பையனையே கேளுங்க சார்’ என்றேன். அதிலேயே அவருக்குப் புரிந்திருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருப்பதும் சில நேரம் பதிலாகிவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் ஒன்றுமே இல்லாத பையன்களின் அப்பாக்களிடமும் ‘பையனையே கேளுங்க’ என்றுதான் சொல்கிறேன். பாவம், சில நல்ல பையன்கள் வீட்டில் திட்டு வாங்கியிருப்பார்கள்.

16.5.2024

‘ரகசியம் ரகசியம் என்கிறீர்கள், நீங்களே இங்கே பேஷண்ட் கதையெல்லாம் சொல்கிறீர்களே?’

இந்த இழையில் வந்ததிலேயே நல்ல கேள்வி. ஊர், வயது, உறவு எல்லாம் மாற்றித்தான் எழுதினேன். மாமியார் உண்மையில் மாமியாரா நாத்தனாரா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. இரண்டு மூன்று பேரை ஒருவராக்கியும் இருக்கிறேன். விதிப்படி, ஆள் இன்னார் என்று தெரியாமல் எழுதினால் தப்பில்லை.

ஆனாலும் வேலூர் சின்ன ஊர். அந்தப் பெண் இதைப் படித்தால் தன்னைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைப்பாள். அவள் இல்லாத இன்னொரு பெண்ணும் அப்படியே நினைக்கலாம். ஊருக்குத் தெரியுமா என்பதுதான் விதியின் கணக்கு. அவளுக்கு எப்படி இருக்கும் என்பதற்கு அதில் இடம் இல்லை. இனிமேல் நாற்காலிக் கதை வேண்டாம், சுவர், நோட்டு, போன் கதை மட்டும் எழுதுகிறேன்.

18.5.2024

எச்.ஐ.வி. பற்றிக் கேட்டவருக்கு. இது வேலூர்க்காரர்கள் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டிய விஷயம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல். சென்னையில் சுனிதி சாலமன் வழிகாட்டலில் நிர்மலா என்ற மாணவி ரத்த மாதிரிகள் சேகரித்தார். சோதிக்கிற வசதி அங்கே இல்லாததால் ரயிலில் காட்பாடிக்குக் கொண்டு வந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். அப்படி உறுதியானது. அதற்கப்புறம் பல வருஷம் ஊரெல்லாம் இருந்த பயம் பல் கிளினிக்குகளிலும் இருந்தது. நான் படித்த தொண்ணூறுகளில் கேஸ் ஷீட் மூலையில் சிவப்பு மையில் ஒரு குறி போடுவதைப் பார்த்திருக்கிறேன். டாக்டருக்காகப் போட்ட குறி. ஆயா, வாட்ச்மேன், அடுத்து உட்கார்ந்திருக்கிற பேஷண்ட் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும்.

1998-இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு போனது. ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, மருத்துவமனை வழியாக அது வெளியே போய், நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனது. அவர் வழக்குப் போட்டார். அந்தரங்க உரிமை முழுமையானது இல்லை, கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் உயிரும் முக்கியம் என்று கோர்ட் சொன்னது. குடியாத்தம் சார் இதைப் பிடித்துக்கொள்வார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அங்கே இருந்தது ஒரு உயிருக்கான ஆபத்து. ஈறு தூக்கலாக இருப்பதால் உங்கள் மகன் உயிருக்கு ஒன்றும் வராது. அதோடு, எச்.ஐ.வி. உள்ளவரின் திருமண உரிமை பற்றி அந்தத் தீர்ப்பில் சொன்ன கருத்துகள் தேவையில்லாதவை என்று 2002-இல் அதே கோர்ட்டின் பெரிய அமர்வு சொல்லிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள்.

அதே 2017-இல் எச்.ஐ.வி.க்கென்று தனிச் சட்டம் நிறைவேறி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்லக் கூடாது, இதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கக் கூடாது. ‘பல் பிடுங்கணுமா, முதல்ல பிளட் டெஸ்ட் எடுத்துட்டு வா’ என்று எல்லோரையும் அனுப்புவது இன்றும் சில இடங்களில் நடக்கிறது. அதற்குப் பயனும் இல்லை. தொற்று ஏறிய முதல் சில வாரம் டெஸ்டில் தெரியாமலே போகலாம். கையுறை, மாஸ்க், ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் கருவிகளை வேக வைப்பது, ஊசியை ஒருவருக்கு ஒன்று என்று வைப்பது, இதை எல்லோருக்கும் செய்தால் யாருக்கு என்ன என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டிய கட்டாயம் பாதி குறைந்துவிடும். மீதிப் பாதி அவருக்காக. என்ன மருந்து சாப்பிடுகிறார், ரத்தத்தில் தட்டணுக்கள் எப்படி என்று பார்த்துத்தானே பல்லில் கை வைக்க முடியும்.

19.5.2024

நேற்று ‘யாரிடமும் சொல்லக் கூடாது’ என்று எழுதியதில் ஒரு விலக்கை விட்டுவிட்டேன். கணவன், மனைவி, துணைக்குச் சொல்லலாம், அதற்கும் வழிமுறை இருக்கிறது. துணைக்குப் பெரிய ஆபத்து இருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்று முதலில் கவுன்சிலிங் கொடுத்திருக்க வேண்டும், அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்த பிறகு, ‘நான் சொல்லப் போகிறேன்’ என்று அவரிடம் தெரிவித்துவிட்டு நேரில் சொல்ல வேண்டும். அதைச் செய்யலாம் என்று சட்டம் சொல்வது சிகிச்சை அளிக்கிற மருத்துவர் அல்லது கவுன்சிலரை. பல் டாக்டர் இடையில் புகுந்து வீரம் காட்ட வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் இருக்கிறது, அங்கே அனுப்பினால் இதையே வேலையாகச் செய்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

19.5.2024, இன்னொன்று

தொழுநோய் பற்றி மேலே ஒரு வரியில் தாண்டிவிட்டேன், கரிகிரி பக்கத்துக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டார். நியாயம். அங்கே தொழுநோய்க்கான ஷெஃபலின் மருத்துவமனை 1955-இலிருந்து இருக்கிறது. கரிகிரிக்கு என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே அந்தக் காலத்தில் கூசுவார்கள், ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடப்பார்கள் என்று என் மாமனார் சொல்வார். பல் டாக்டருக்கும் இதில் வேலை உண்டு. வைத்தியம் பார்க்காமல் விட்ட தொழுநோயில் மேல் தாடையின் முன்பக்க எலும்பு கரைந்து முன்பற்கள் ஆடும். இன்று கூட்டு மருந்தில் குணமாகிறது, பல் வரைக்கும் போக விடுவதில்லை. பழைய ஆட்கள் சிலர் பல் செட்டுக்கு வருவார்கள். ‘பல் எப்படிப் போச்சு?’ என்று பக்கத்தில் இருக்கிறவர் கேட்டால், ‘சைக்கிளில் விழுந்தேன்’ என்பார்கள். நானும் கேஸ் ஷீட்டை மூடிவிட்டு, ‘ஆமாம், சைக்கிள்’ என்பேன்.

நாற்காலிக் கதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதையும் எழுதிவிட்டேன். இது ஒருவர் கதை இல்லை, ஒரு தலைமுறையின் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

23.5.2024

இப்போது சுவர்க் கதை. டாக்டர் வேண்டுமென்றே போய் ரகசியத்தை விற்பது அபூர்வம். கசிவதெல்லாம் வேறு வழியில்.

பிளைவுட் தடுப்பு. இரண்டு நாற்காலிக்கு நடுவில் தோள் உயரத் தடுப்பு. இந்தப் பக்கம் ‘உங்களுக்கு மூலத்துக்கு ஆபரேஷன் ஆச்சா?’ என்று கேட்டால் அந்தப் பக்கம் வாயில் பஞ்சோடு படுத்திருப்பவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு வேறு வேலையும் இல்லை. நான் சத்தமாகக் கேட்பதை விட்டு, தமிழிலும் உருதுவிலும் கேள்விகளை அச்சடித்து டிக் அடிக்க வைத்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு வரவேற்பில் இருக்கிற பெண் படித்துக் காட்டினாள், ஹாலுக்கே கேட்கும்படி. அப்புறம் அதையும் மாற்றினேன்.

அப்பாயின்ட்மென்ட் நோட்டு. வரவேற்பு மேஜை மேல் விரித்தபடி இருக்கும். பெயர், நேரம், ‘ஆர்.சி.டி.’ (வேர் சிகிச்சை), ‘கேப்’ (பல் மேல் போடுகிற உறை), ‘ஃபுல் செட்’. நாற்பது வயதுக்காரர் முழுப் பல் செட் கட்டுகிறார் என்று ஊருக்குத் தெரிய இது போதும். இப்போது பெயரும் நேரமும் மட்டும்.

பல் வரிசையை அப்படியே வார்த்தெடுக்கிற மாவு அச்சு. எங்கள் கிளினிக்குகளில் அலமாரி நிறைய அச்சு வாய்கள் சிரித்துக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் பெயர். அதை அழகுக்கு வைத்த மாதிரி ஹாலில் அடுக்கி வைத்திருந்தேன். ஒரு பாட்டி எடுத்துப் பார்த்துப் பெயர் படித்து, ‘இது நம்ம தெரு வாத்தியார் இல்ல?’ என்றார். அன்றைக்கே உள்ளே போனது. லேபுக்கு அனுப்புகிற சீட்டில் இப்போது நம்பர் மட்டும் எழுதுகிறேன். லேப் பையனுக்குத் தேவை பல்லின் நிறமும் அளவும்தான்.

வாட்ஸ்அப். முழுத் தாடைப் படம், அதாவது ஓ.பி.ஜி., எடுக்கிற சென்டர்கள் பெயர், வயது, போன் நம்பரோடு படத்தைப் போனுக்கு அனுப்பிவிடுகின்றன. நாங்கள் அதை அப்படியே டாக்டர் குரூப்பில் போட்டு ‘ஒபீனியன் ப்ளீஸ்’. குரூப்பில் நூறு பேர். அதில் ஒருவர் பேஷண்டின் சித்தப்பா. பெயரை வெட்டிவிட்டுப் போட அரை நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தாயிற்று, வெட்டுகிற பழக்கத்தை இப்போதே கற்றுக்கொள்வது நல்லது.

ரீல்ஸ். ‘முன்பு, பின்பு’ படம். கண்ணில் கறுப்புப் பட்டை போட்டுவிட்டால் ஆள் தெரியாது என்று நினைக்கிறார்கள். இறந்தவரையே பல்லை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள், உயிரோடு இருப்பவரை எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியாதா? சம்மதம் வாங்கினோம் என்பார்கள். வாயில் கருவியோடு, பில்லில் தள்ளுபடி சொல்லி, கையெழுத்து வாங்குவது என்ன சம்மதம்?

24.5.2024

மறந்துவிட்டேன். நினைவூட்டல் போன். ‘டென்டல் கிளினிக்கிலிருந்து பேசறோம், நாளைக்கு உங்க கணவருக்குப் பல் செட் ரெடி.’ கணவர் வீட்டில் சொல்லவே இல்லை. மனைவி பத்து வருஷமாக அது சொந்தப் பல் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சிரிக்காதீர்கள், அவர் என்னிடம் கத்திய கத்தல் எனக்குத்தான் தெரியும்.

27.5.2024

காந்தி ரோடு பக்கம் லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கிற வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மக்கள் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். பெரிய வைத்தியத்துக்கு வருகிறார்கள், கீமோவுக்கு முன், இதய ஆபரேஷனுக்கு முன் பல்லைச் சரி செய்யச் சொல்வார்கள், அப்படி எங்களிடமும் வருவார்கள். கூட மொழிபெயர்க்க லாட்ஜ் பையன், ஆட்டோக்காரர், பக்கத்து ரூம்காரர். என் இந்தி ‘முஹ் கோலோ, தர்த் ஹை?’ அளவில் நிற்கும். என்ன கேன்சர், எந்த ஸ்டேஜ் என்பது அந்த லாட்ஜ் பையன் வழியாகத்தான் எனக்கு வருகிறது, அவன் வழியாகவே லாட்ஜுக்கும் போகிறது. அவன் கெட்டவனில்லை. டீக்கடையில் பரிதாபப்பட்டுச் சொல்வான்.

இப்போது ரிப்போர்ட்டை வாங்கி நானே படித்துவிடுகிறேன். ஆம், இல்லை என்று பதில் வருகிற கேள்விகளை வங்காளத்திலும் இந்தியிலும் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன், பேஷண்ட் விரலால் தொட்டுக் காட்டுவார். பாதி வேலை நடக்கிறது. மீதிப் பாதிக்கு இன்னும் லாட்ஜ் பையன்தான்.

2.6.2024

குடியாத்தம் சார் எழுதியிருக்கிறார்: ஜாதகம் பொருந்தவில்லையாம், பேச்சு நின்றுவிட்டதாம். ஈறுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறார். நம்புகிறோம் சார்.

அவரே கேட்ட இன்னொரு கேள்விதான் கனமானது: ‘வாயே திறக்க மாட்டோம் என்கிறீர்களே, திறந்தே ஆக வேண்டிய இடம் கிடையாதா?’

உண்டு. குழந்தை. மேலுதட்டை ஈறோடு பிடித்திருக்கிற மெல்லிய சவ்வு கிழிந்து வரும் குழந்தைகளைப் பார்ப்போம். நடை பழகுகிற வயதில் குப்புற விழுந்தாலே அது கிழியும். இன்னும் நடக்கவே ஆரம்பிக்காத குழந்தைக்குக் கிழிந்திருந்தால், சொல்கிற கதையும் காயமும் ஒட்டாமல் இருந்தால், மேலண்ணத்தில் காரணம் தெரியாத ரத்தக்கட்டு இருந்தால் அங்கே ரகசியம் பேசிக்கொண்டிருக்க முடியாது. பாலியல் குற்றம் என்று சந்தேகம் வந்தால் 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது எல்லோருக்கும் கடமை, டாக்டருக்கு விலக்கு இல்லை. தெரிந்தும் சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், இரண்டும்கூட. நிரூபிக்கிற வேலை என்னுடையது இல்லை, சந்தேகத்தைச் சொல்வதே என் வேலை. 1098-க்குப் போன் பண்ணினாலும் ஆள் வருவார்கள்.

கூட்டி வந்தவரை விரட்டிவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. மிரட்டினால் குழந்தை அடுத்த தடவை வராது. ‘தையல் பார்க்க மூன்று நாளில் கூட்டி வாங்க’ என்று அமைதியாக அனுப்பிவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும்.

போலீஸ் பற்றியும் கேட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து தெரிந்தவர் போன் பண்ணி, ‘அந்தப் பையன் உங்ககிட்ட வந்தானா மேடம்?’ என்றால் பதில் கிடையாது. எழுத்தில் முறைப்படி நோட்டீஸ் வந்தால் அது வேறு. கோர்ட்டில் வக்கீலுக்கு இருக்கிற மாதிரி, கட்சிக்காரர் சொன்னதைச் சொல்ல மாட்டேன் என்கிற சலுகை டாக்டருக்கு இல்லை. நீதிபதி கேட்டால் சொல்ல வேண்டும். கேட்டதை மட்டும்.

9.6.2024

இழை எங்கெங்கோ போய்விட்டது, நானும் ஒரு சந்தேகத்தோடு வருகிறேன். இந்தத் தடவை கேட்பது நான்.

எனக்கு மூத்த டாக்டர் ஒருவர் கிளினிக்கை மூடுகிறார், வயதாகிவிட்டது. இரண்டு பீரோ நிறையக் கேஸ் ஷீட். பழையவற்றில் முகவரி ‘வட ஆற்காடு மாவட்டம்’, அப்புறம் ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’, அப்புறம் ‘வேலூர் மாவட்டம்’, கடைசி அடுக்கில் ‘ராணிப்பேட்டை மாவட்டம்’ வரை இருக்கிறது. ஒரே ஆள், ஒரே வீடு, நான்கு மாவட்டம். இடத்தை வாங்க வருகிற இளம் டாக்டர் நாற்காலி, கம்ப்ரஸரோடு ‘பேஷண்ட் லிஸ்டும் சேர்த்துதானே சார்?’ என்று கேட்கிறார். குட்வில் என்கிறார். விலையும் சொல்கிறார்.

நான் சொன்னது: லிஸ்டை விற்கக் கூடாது. கிளினிக் மூடுகிறது, இன்ன தேதி வரை வந்து உங்கள் கேஸ் ஷீட்டை வாங்கிக்கொள்ளலாம், விரும்பினால் புதிய டாக்டரிடம் ஒப்படைக்கச் சொல்லலாம் என்று வாசலில் போர்டு வைத்து, போன் நம்பர் இருப்பவர்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். கையெழுத்துப் போட்டவர்களுடையது மட்டும் போகட்டும். நடந்துகொண்டிருக்கிற ஆர்.சி.டி., கம்பி கேஸ்கள் அவசரம், அவர்களை முதலில் கூப்பிட வேண்டும். மீதியில் 3 வருஷம் தாண்டாதவற்றை அவரே வீட்டில் பூட்டி வைக்க வேண்டும், கேஸ், நோட்டீஸ் ஏதாவது நிலுவையில் இருந்தால் அது முடிகிற வரை.

பழையதை என்ன செய்வது என்பதில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் போடலாம் என்கிறார். ஒரு தடவை வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே ஒருவரின் யூரின் ரிப்போர்ட், பெயரோடு. அதைச் சொன்னேன். எரிக்கலாமா என்றார், மாடியில் எரித்தால் பக்கத்து வீட்டில் புகை என்று சண்டை வரும். அச்சுகளுக்குச் சுத்தியல் போதும், அடியில் இருக்கிற பெயர் தூளாகிவிடும். காகிதம்தான் மலையாக நிற்கிறது. வேலூரில் யாராவது ஆபீஸில் பெரிய காகிதம் அரைக்கிற மெஷின் வைத்திருந்து, நாங்கள் பக்கத்தில் நின்று பார்க்க ஒரு நாள் வாடகைக்குக் கொடுப்பீர்கள் என்றால் எழுதுங்கள். ஆட்டோவில் ஏற்றி நானே கொண்டு வருகிறேன்.